பின் சக்கரத்தில் ஏர் எடுத்த மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் நடத்தியவன். கார் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று போர்டில் படம் போட்டு, இங்கே அழுத்தினால் எண்ணெய் வழியாக அங்கே அழுத்தும், இங்கே யாரும் அழுத்தாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான் விஷயம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நம்புங்கள் என்று உங்களை வற்புறுத்த மாட்டேன், குறுக்கே சிரிக்காமல் கேட்டால் போதும்.

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. மனைவி ஸ்டெல்லா போய் மூன்று வருஷம் ஆகிறது, மகள் கனடாவில் இருக்கிறாள், மாடியில் வித்யா என்று ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பெண் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேரிடம் பேசினால் அந்த வாரத்துக்கு நான் பேசினது அதுதான். ரிடையரான பிறகு பொழுது போகாமல், போர்டிகோவில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த அப்பாவின் பழைய பத்மினி காரைச் சரி பண்ண உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷ வேலை. துருவைச் சுரண்டினேன், ஒயரிங் மாற்றினேன், இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது, சீட்டை எல்லாம் கழற்றிப் பல்லாவரத்தில் தைக்கக் கொடுத்தாயிற்று. பிரேக்கில் ஏர் எடுக்கிற வேலையில் வந்து நின்றேன்.

ஏர் எடுப்பது என்றால், பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதைப் போல இரண்டு பேர் வேலை உலகத்தில் வேறு கிடையாது. ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நட்டைத் திறக்க வேண்டும், எண்ணெயும் காற்றும் குமிழ் குமிழாக வெளியே வந்ததும் மூட வேண்டும், மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மெக்கானிக்கை ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு கண்டிப்பா வந்துர்றேன் சார்" என்பான். வயதான காலத்தில் ஒரு பெடலை மிதிக்க எனக்கு ஒரு ஆள் இல்லை என்பது ரொம்பவே உறைத்தது.

ஆள் இல்லாமல் இல்லை. அந்த வேலையை வாலிபத்தில் என்னோடு செய்தவர் என் அண்ணன் தேவராஜ். நான் ஒல்லி என்பதால் நான் கீழே, அவர் மேலே. மிதி, பிடி, விடு, இந்த மூன்று வார்த்தைதான் பேச்சு. அண்ணனை நான் ஒருமையில் பேசின ஒரே இடம் வண்டிக்குக் கீழேதான், அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். வலது காலால் பெடலைப் பிடித்துக்கொண்டு, பிடித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இடது காலால் தரைத் தகட்டில் ஒரு தட்டு தட்டுவார். டக். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் நட்டைத் திறப்பேன்.

அவர் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறார், அரை மணி நேரத் தொலைவு. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. பெரியப்பா பெயர் இல்லாத பத்திரிகை ஊரெல்லாம் போயிற்று. போன் பண்ணி, "எம் பேரு எங்கடா?" என்றார். "பிரஸ்காரன் விட்டுட்டான் அண்ணா" என்றேன். "ப்ரூஃப் பாத்தது யாரு?" என்றார். பார்த்தது நான்தான், சிவப்புப் பேனாவோடு இரண்டு தடவை பார்த்தேன், ஊர்ப் பிள்ளைகள் பேப்பரை எல்லாம் திருத்தினவனுக்கு அது கண்ணில் படவில்லை. மன்னிச்சிடுங்க என்று சொல்லாமல், "இதப்போய் பெருசு பண்றீங்களே" என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் சர்க்கரை வியாதியில் அவருக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்கூட்டரில் மேடவாக்கம் வரைக்கும் போய், என்ன முகத்தோடு நிற்பது என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தூறல். எப்படியாவது முடித்துவிடலாம் என்று வித்யாவைக் கேட்டேன், "ஒரு மீட்டிங் இருக்கு அங்கிள், முடிஞ்சதும் வர்றேன்" என்றாள். அதற்குள் தயாராக இருக்கலாம் என்று வண்டியின் பின்பக்கத்தைக் கட்டையில் ஏற்றி, பின் இடது சக்கரத்து நட்டில் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டுவிட்டு மல்லாந்து படுத்திருந்தேன். கையில் ஸ்பேனர். சும்மா, பழக்க தோஷத்தில், "மிதி" என்றேன்.

மேலே பெடல் இறங்கியது. ஸ்பிரிங் கிரீச்சிடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. மூன்று தடவை மிதிபட்டு நின்றது.

"வந்துட்டியாம்மா?" என்றேன். பதில் இல்லை, காதில் ஏதாவது மாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். "பிடி" என்றேன். என் தலைக்கு முன்னால், தரைத் தகட்டில், டக் என்று ஒரு தட்டு.

அந்தத் தட்டை நான் வித்யாவுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். நான் நட்டைத் திறந்தேன். கறுத்த எண்ணெய் குமிழோடு பாட்டிலுக்குள் கொப்பளித்து வந்தது. மூடினேன், "விடு" என்றேன், பெடல் மேலே வந்தது. மறுபடி மிதி, மறுபடி பிடி, மறுபடி டக். ஐந்தாறு தடவையில் இடது சக்கரத்தில் குமிழ் நின்றது. வெளியே வராமலே புழுவைப் போல ஊர்ந்து வலது சக்கரத்துக்குப் போய் அதையும் செய்தேன். கடைசித் தடவை நட்டை இறுக்கி முடித்துவிட்டேன். விடு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

நான் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று தோன்றியது. எது என்று தெரியாது, ஸ்டெல்லாவாக இருக்காதா என்றுகூட மனசு ஓடியது, ஆனால் அவளுக்குப் பெட்ரோல் வாசனையே ஆகாது, இந்த வண்டிப் பக்கம் வந்ததே இல்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு மேலே ஒரு ஆள் இருந்தது. மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு, ஒரு துணையோடு, பத்து நிமிஷம் அப்படியே படுத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்த பத்து நிமிஷம் அது.

பிறகு மெதுவாக வெளியே வந்தேன். பின்னால் பிரேக் லைட் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன, போர்டிகோத் தரை ஈரத்தில் அந்தச் சிவப்பு விழுந்திருந்தது. முன் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. உட்கார சீட்டே இல்லை, வெறும் தகடுதான். பெடல் மட்டும் தரை வரைக்கும் இறங்கி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"விடு" என்றேன். பெடல் மேலே வந்தது, லைட் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் வித்யா படியிறங்கி வந்து, "ஸாரி அங்கிள், இப்பதான் முடிஞ்சுது, என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். மணி நாலு.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரை நேராகக் கோவிலம்பாக்கத்துக்கு விட்டேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்க தம்பி, உட்காந்துதான் இருக்காரு" என்றார். அண்ணன் கட்டிலில், வலது பக்கம் லுங்கி மடிந்து கிடந்தது. நான் நின்றுகொண்டே, "பத்திரிக்கைய சரியா பாக்காதது என் தப்புதான் அண்ணா. மன்னிச்சிடுங்க" என்றேன். ஆறு வருஷம் ஆயிற்று அந்த ஒரு வரிக்கு. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சாப்டியா?" என்றார்.

சாப்பிடும்போது அண்ணிதான் பேச்சை எடுத்தார். "நேத்து இவர் படுத்தின பாடு இருக்கே. மூணரை மணிக்குத் தூங்கிட்டு இருந்தவர் எழுந்து உக்காந்துட்டாரு, தொடையெல்லாம் நடுக்கம். இல்லாத கால் வலிக்குதுங்கறாரு."

இல்லாத கால் வலிக்கும், நரம்பு செய்கிற வேலை, எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் போனேன். அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். "வலி இல்லடா. எதையோ மிதிச்சிட்டே இருந்தாப்ல. விட்டு விட்டு மிதிச்ச வரைக்கும் ஒண்ணும் தெரியல. கடைசியாதான் ரொம்ப நேரம். யாராவது கால எடுத்துக்கோன்னு சொன்னா தேவலன்னு இருந்துச்சு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என்ன நடந்தது என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அப்பா வண்டிக்குப் பிரேக்கில் ஏர் எடுக்கிறேன், முன் சக்கரம் இரண்டும் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "மெக்கானிக்க விட்டுக் கெடுத்துடாத, நான் வர்றேன்" என்றார். சீட் தைத்து வந்த பிறகு ஒரு ஆட்டோவில் வந்தார். செயற்கைக் கால் அவர் இன்னும் வைத்துக்கொள்ளவில்லை, ஊன்றுகோல்தான். அதைப் போர்டிகோத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து டிரைவர் சீட்டில் ஏறி, இருக்கிற இடது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். நான் கீழே படுத்தேன்.

"மிதி" என்றேன். மூன்று தடவை மிதித்தார். பெடலில் இருந்த இடது பாதத்தை, தலையை வெளியே நீட்டி, திறந்திருந்த கதவு வழியாக நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடி" என்றேன்.

அந்தப் பாதம் பெடலை விட்டு அசையவில்லை. தரைத் தகட்டில் டக் என்று தட்டியது.

நான் நட்டைத் திறந்து, மூடி, உடனே "விடு, விடு" என்று சொல்லிவிட்டேன்.