முதல் கோப்பி குடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தச் சப்பாத்துப் பெட்டி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதன் மூடியில் ஜேர்மன் மொழியில் ‘பயனற்றவை’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது, புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போனதோ தெரியாது. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் நினைவு வந்துவிடும்.

மச்சாள் என் கணவரின் தமக்கை, வள்ளமேறித்தான் போய்வரக்கூடிய நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, வட ஜேர்மனியின் துறைமுக நகரமொன்றில் எங்களோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். ஊரில் நில அளவையாளர் ஒருவரிடம் படம் வரைந்த பழக்கத்தால் எனக்குக் கடற்பனியை ஆராயும் சிறிய அலுவலகமொன்றில் வரைபட வேலை கிடைத்திருந்தது. மச்சாள் அதே கட்டடத்தைத் துப்புரவு செய்தார். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “உந்த ஐஸைக் கீறிக் கீறி என்னத்தைக் கண்டீர்? அது பாட்டுக்கு உருகுது, நீர் பாட்டுக்குக் கீறுறீர்” என்று என்னைச் சீண்டுவார். வாய் சும்மா கிடக்காத மனுசி.

ஊரிலிருந்து கடிதம் வரும் நாளில்தான் அந்த வாய் ஓயும். வழியில் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்ற பயத்தில் அவருடைய தாயார் எதையும் நேராக எழுதமாட்டார். “சின்னம்மா பொங்கலுக்கு வரேல்லை, பலகாரமெல்லாம் மிஞ்சிப் போச்சு” என்று ஒரு வரி இருக்கும். நானும் கணவரும் அதைப் பலகாரக் கதையாகவே வாசிப்போம். மச்சாளின் முகம் கறுத்துவிடும். “பொங்கலோடை வள்ளம் ஓடேல்லை. நேவிக்காரங்கள் கடலை மூடிப்போட்டாங்கள்” என்பார். பிறகு ஊரிலிருந்து ஆராவது வந்து சொன்னால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தின் தலைவியை வீட்டில் நாங்கள் டொக்டர் அம்மா என்போம். அவருடைய படிப்புக்காலச் சினேகிதி ஒருத்தி கிறீன்லாந்தின் சின்னத் தீவொன்றில் ஆசிரியை, இருபது வருடமாக அவருக்குக் கடிதம் எழுதிவந்தவர். அந்தத் தீவில் மருத்துவச்சி இல்லை, கடை இல்லை, எல்லாம் ஒடுங்கிய கடலுக்கு அக்கரையில். குளிர்காலம் தொடங்கும்போது படகை நிறுத்துவார்கள், சில நாளில் கடல் இறுகும், அதன்மேல் நாய் வண்டியில் போய்வருவார்கள். அந்த வருடங்களிலோ படகு பழைய நாளிலேயே நின்றது, கடல் வாரக்கணக்கில் இறுகவில்லை. மருத்துவச்சி அக்கரையில் நிற்க, இக்கரையில் ஒரு குழந்தை பிறந்து இறந்தது. கடல் இறுகும்வரை படகை ஓடவிடுங்கள் என்று தீவார் கேட்டார்கள். பனி பிந்துகிறது என்பதற்கு நாளும் வருடமுமாக ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றது அங்கத்தைய நிர்வாகம். அந்த ஒடுங்கிய கடல், விண்ணிலிருந்து எடுக்கும் செய்மதிப் படத்தில் ஒழுங்காகத் தெரியவே தெரியாது. அடுத்த குளிர்காலத்துக்கும் அங்கே ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்.

டொக்டர் அம்மா கடிதக் கட்டை என்னிடம் தந்து, பனியின் தடிப்பு எழுதப்பட்ட கடிதங்களைப் பிரிக்கச் சொன்னார். நாலே நாலு தேறின. மிச்சமெல்லாம் கல்யாணம், ஞானஸ்நானம், கோப்பி, கேக். அவற்றைப் பெட்டியில் அடைத்து மூடியில் அந்தச் சொல்லை எழுதினேன். நாலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் அம்மா சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் கூட்டுகிற தும்புத்தடியோடு உள்ளே வந்தார்.

“உதுக்குள்ளை என்ன?”

“ஊர்க்கதை மச்சாள். ஒவ்வொரு வருசமும் குளிர்காலத்திலை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கரைச் சொந்தக்காரர் வீட்டை போய் முதல் கோப்பி குடிச்சவையாம். இதையும் ஒரு புதினமெண்டு எழுதியிருக்கிறா.”

“எப்பிடிப் போனவை?”

“நாய் வண்டியிலை.”

“அப்ப கடல் இறுகினாப் பிறகுதானே போயிருப்பினம்? திகதி போட்டிருக்கோ?”

“ஓம்.”

மச்சாள் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். “அம்மா பலகாரமெண்டு எழுத நான் வள்ளமெண்டு வாசிக்கிறன். நீர் படிச்சனீர், உமக்கு உது விளங்கேல்லையோ?”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. டொக்டர் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தார். அந்த வாரம் முழுக்க நான் வாசிக்க, மச்சாள் குறுக்குக் கேள்வி கேட்டார். “போனவை எண்டு எழுதியிருக்கோ, போகப்போயினம் எண்டோ?” ஒரு வருடத்துக் கடிதங்களில் கோப்பியே இல்லை. பனி இறுகவில்லை என்று குறிக்கப்போன என் கையைப் பிடித்தார். “செத்தவீடாயும் இருக்கும், வடிவாப் பாரும்.” பார்த்தேன், அக்கரைக் கிழவர் இறந்து துக்கம் காத்த வருடம். அதை விட்டுவிட்டு மற்ற வருடங்களைப் படமாக வரைந்தேன். முன்பு நவம்பரில் குடித்த கோப்பி, படிப்படியாகப் பிந்தி, டிசம்பர் கடைசியில் வரும் நத்தாரையும் தாண்டிப் போயிருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் டொக்டர் அம்மா விடாப்பிடியாக ஒரு வரி சேர்த்தார். கடிதங்களை வாசித்தவர் என்று மச்சாளின் பெயர் இருந்தது.

நிர்வாகம் இணங்கியது. அந்தக் குளிர்காலத்தில் படகு ஓடியது, மருத்துவச்சி அதில் வந்து இறங்கினாள், பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. செய்தி வந்ததும் டொக்டர் அம்மா ஓடிப்போய் மச்சாளைக் கட்டிப்பிடித்துத் தன் கதிரையில் இருத்தி, தன் கையால் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எங்கடை கடலைத் திறக்க ஏலாமப் போச்சு. அவையின்ரையைத் திறந்துவிட்டமே, அது காணும்” என்றார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை என் கல்யாண நாளில்கூட இருந்ததில்லை.

மச்சாள் இப்போது எசன் நகரில் மகனோடு இருக்கிறார், கண் தெரிவது குறைவு. அன்று பிறந்த பெண் இன்று தாய், வருடம் ஒரு கடிதம் எழுதுகிறாள். அவளுடைய கடல் இப்போது அநேகமாக இறுகுவதே இல்லையாம். நாய்களையும் பலர் விற்றுவிட்டார்களாம். முதல் கோப்பி மட்டும் நின்றுபோகவில்லை. கடிதத்தை நான் தொலைபேசியில் வாசிப்பேன், மச்சாள் அதே கேள்வியைக் கேட்பார்.

“எப்பிடிப் போனவை?”

“படகிலை மச்சாள்.”

“போய்ச் சேந்தவைதானே. பெட்டியிலை போடும்.”

போட்டு, மூடியை மூடுகிறேன்.