சந்தனம் மணத்த கம்ப்யூட்டர்

அண்ணாமலை தெரியும் வேங்கிக்காலில் குடியிருந்தபோது, விமானம் ஓட்டும் விளையாட்டுக்காகவே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் மேகங்களுக்குள் புகுந்துவிடுவேன். ஜன்னலில் அண்ணாமலை, திரையில் பனிமலை. எந்த மலையைப் பார்க்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல், பறக்கும்போதெல்லாம் சந்தனம் மணத்தது. கோயில் பக்கத்துக் காற்று என்று கிறங்கிப்போனேன். மேகங்களில் வண்ண வண்ணக் கட்டங்கள் பூத்தன, அதையும் ரசித்தேன். சற்று நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. தினமும் இதே கதை.

விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க பழைய மதர்போர்டுக்கு இந்த கார்டு ஒத்துக்கல சார். போர்டை மாத்திடலாம், எடுத்துட்டு வாங்க" என்றார்.

கடைசியாக ஒருமுறை பறந்துகொண்டிருந்தபோது என் மனைவி வந்து மோப்பம் பிடித்தாள். "என்னங்க, சந்தன வாசனை பொட்டிக்குள்ள இருந்துல்ல வருது? கருகுற மாதிரி இருக்குதே!"

அணைத்துவிட்டுத் திறந்தேன். பூஜையன்று கார்டின் குட்டி விசிறிக்கு, பெட்டியைத் திறந்து நான் பக்தியோடு வைத்த சந்தனப் பொட்டு, வழிந்து காய்ந்து, அதைச் சுற்றவிடாமல் இறுகியிருந்தது. கார்டு தோசைக்கல்லாய்க் கொதித்தது.

பழைய டூத் பிரஷால் சுரண்டி எடுத்ததும் விசிறி சுற்றியது. பனிமலை திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் பொட்டு வெளிப்பெட்டிக்கு மட்டும்தான். திரை தகராறு செய்தால், முதலில் விசிறியைப் பார்க்கிறேன், பிறகுதான் கடைக்காரர். சாயங்காலக் காற்றில் சந்தனம் மணத்தால் இன்றும் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஒரு கை மட்டும் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கிறது.