மீசை முளைக்கும் வரை

மண்டபம் கேம்ப்பில் குமாஸ்தா என் பெர்மிட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெர்மிட்டைப் பார்த்தார். "இது யாருய்யா, உன் அண்ணனா?" என்றார். போட்டோவில் இருந்தவனுக்குக் கிராப்பும் முறுக்கு மீசையும் இருந்தன. எதிரே நின்ற எனக்கு இரண்டும் இல்லை.

நான் கொழும்பில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். அப்போது உலக யுத்தக் காலம். ஊருக்கு வந்தவன் இலங்கைக்குத் திரும்ப வேண்டுமானால் போட்டோ ஒட்டிய பெர்மிட்டை மண்டபத்தில் காட்ட வேண்டும். அதில் போட்ட தேதி தாண்டினால் அவ்வளவுதான். அய்யாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும், ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் தென்காசிக்கு ஓடிவந்தேன். நாலாம் நாள் அய்யா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கிறவன் தலையும் மீசையும் எடுக்காமல் முடியுமா? நாவிதர் கூப்பிட்டார், உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் பெர்மிட் போட்டோ எந்த மடையனுக்கு ஞாபகம் வரும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் புறப்பட்டு வந்தவனைத்தான் குமாஸ்தா நிறுத்தினார். அழுதேன், காலில் விழப் போனேன். அடுத்தவன் பெர்மிட்டில் ஆட்கள் போகிறார்களாம், அவர் வேலைக்கு ஆபத்தாம். "போட்டோல இருக்கிற மூஞ்சியோட வா" என்று அனுப்பிவிட்டார். கெடு முடிய நாற்பது நாள் இருந்தது.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். குற்றாலத்தில் சீசன். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்குத் தோசை போட்டு மாளாது. ஒரு ஹோட்டலில் கல்லுக்கு முன் நின்றுவிட்டேன். ஆனால் கை தோசையில் இருக்காது, மேலுதட்டில்தான் இருக்கும். முதலாளி அண்ணாச்சி, "மாஸ்டர், மீசை எங்கயும் ஓடிராதுவே. தோசை கருகுது பாரும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை தோறும் தென்காசி வீட்டுக்குப் போவேன். போனதும் கண்ணாடிதான். ஒருநாள் அம்மா தாங்காமல் கேட்டேவிட்டாள்: "ஏலே, உங்கய்யா போயி முழுசா ரெண்டு மாசம் ஆகல. நீ என்னன்னா கண்ணாடி முன்னாலயே நிக்க."

வெட்கமாகப் போயிற்று. அதுவரை அவளிடம் மறைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து தானே என் உதட்டில் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தடவினாள்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கையில் கிளம்பினேன். ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அம்மா சொன்னாள்: "எனக்கு ஒண்ணுன்னா நீ மொட்டை போடாதலே. சித்தப்பா மவன் கொள்ளி வைக்கட்டும். நீ பிள்ளைகுட்டியப் பாரு." என்ன பேச்சு இது என்று சத்தம் போட்டேன். மண்டபத்தில் அதே குமாஸ்தா முத்திரை குத்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொழும்பு போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் மகள் பிறந்தாள்.

மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்கும் முடியவில்லை என்று தந்தி வந்தது. வந்து சேர்ந்தேன், மறுநாள் அவளும் போய்விட்டாள். நாவிதர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் சித்தப்பா மகனைக் காட்டினேன். அவன் தலையைக் கொடுத்தான், கொள்ளியும் வைத்தான். ஊர் முழுக்க என் மீசையைப் பார்த்தது.

வெளிநாடு போகிற பையன்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பயத்தில் எதையும் முடிவு செய்யாதே, முதலில் தேதியைப் பார் என்று மட்டும் சொல்வேன். அம்மா போன அன்று சுடுகாட்டில் நான் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எடுத்துப் பார்த்தேன். பெர்மிட்டில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. மீசை முளைத்திருக்கும்.