ஸ்ரீமதி வாட்டர் சப்ளை

டேங்கர் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். டேங்க் நிறைந்திருந்தால் பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நிற்கும். காலியாக இருந்தாலும் நிற்கும். பாதித் தண்ணீர் இருந்தால்தான் வம்பு. வண்டி நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் நிற்காது. முன்னே போய் முட்டும், பின்னே வந்து முட்டும், ஓட்டுகிறவர் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நாகல் நகர் வேலுமணியின் மனசு எப்போதும் பாதி டேங்க்தான். டீயா காப்பியா என்று கேட்டால் பாய்லரைப் பார்ப்பார், டம்ளரைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவர் என்ன குடிக்கிறார் என்று பார்ப்பார். பொன்னுத்துரை டீக்கடையில் இதனாலேயே அவரிடம் கேட்பதை விட்டுவிட்டார்கள். கைக்கு வந்ததைக் குடித்துவிட்டுப் போவார். பெண் பார்க்கப் போன வீட்டில், "பிடிச்சிருக்கா மாப்ள?" என்று கேட்டதற்கு, "அதுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டவர். உள்ளேயிருந்த வீரலட்சுமி, "பிடிச்சிருக்கு" என்று சத்தமாகச் சொன்னதால் அந்தக் கல்யாணம் நடந்தது.

வாழ்க்கையில் அவராக முடிவெடுத்துச் செய்த காரியம் ஒன்றே ஒன்று, லாரி வாங்கியது. சேவுகம்பட்டியில் தக்காளியும் வெங்காயமும் போட்ட குடும்பம். கிணறு வற்றியதும் ஆழப்படுத்தினார்கள், பாறை வந்தது. போர் போட்டார்கள், புழுதி வந்தது. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போக, வேலுமணி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றும் லாரிகளுக்கு டிரைவரானார். ஒருநாள் செம்பட்டி ரோட்டோரம் விலைக்கு நின்ற ஒரு பழைய தண்ணி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தவர், யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். "தண்ணி இல்லாம ஊர விட்டு வந்த ஆளு, தண்ணி லாரி வாங்கிட்டு வந்து நிக்கிறீகளே, இது என்ன கணக்கு?" என்று வீரலட்சுமி கேட்டாள். மகள் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். டேங்கின் பின்பக்கம் 'ஸ்ரீமதி வாட்டர் சப்ளை' என்று நீலத்தில் எழுதினார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து அந்த ஸ்ரீமதியால்தான் குழப்பம் வந்தது.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் பம்பு செய்து பெரியாளான ஒரு குடும்பம் தங்கள் தாயார் பேரில் நடத்தும் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். குடிநீர் வேலைக்கு அடுத்த தலைமுறை ஆட்களை உருவாக்க வேண்டும் என்று அவர்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் பிள்ளைகளை எடுத்துப் படிக்க வைக்கிறார்கள். குழாய் பதிப்பது, கசிவு கண்டுபிடிப்பது, சுத்திகரிப்பு நிலையம் ஓட்டுவது, தண்ணீரைச் சோதிப்பது என்று ஒரு வருஷப் பயிற்சி. தங்குவதும் சாப்பாடும் அவர்கள் செலவு, மாதாமாதம் கைச்செலவுக்கும் தருவார்கள். இண்டர்வியூவில் ஸ்ரீமதி தேறிவிட்டாள். இனி அவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பார்த்துச் சரி என்றால் இடம் உறுதி.

வேலுமணி இதை டீக்கடையில் சொன்னபோது பொன்னுத்துரை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஏப்பா வேலு, அவுக எதுக்குக் காசு குடுக்காக? வீட்டுக்கு வீடு குழாயில தண்ணி வரணும்னு. நீ என்ன விக்கிற?"

"தண்ணி."

"குழாயில வராததாலதான விக்கிற? கொசு மருந்து அடிக்கிறவன் கொசு வீட்டுல வந்து பொண்ணு கேப்பானா அப்பு?"

கடையே சிரித்தது. வேலுமணியும் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை குடம் என்று தப்புத் தப்பாகவே ஊற்றிக்கொண்டு திரிந்தார். பொன்னுத்துரை சொன்னது சரிதானே? மகள் படித்து வந்து தினமும் குழாயில் தண்ணீர் வரவைத்துவிட்டால் லாரி என்ன ஆகும்? அதை அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? அப்படியென்றால் மகள் போகக்கூடாதா? போகணும். போனால்? யோசனை முன்னே போய் முட்டியது, பின்னே வந்து முட்டியது.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை விடியலில், வழக்கம்போல் தென்னந்தோப்பு போரில் லாரியை நிரப்பினார். வழக்கத்துக்கு மாறாக வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அங்கே எப்போதும் வேனும் லாரியும் நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"வண்டி எங்கங்க?" என்றாள் வீரலட்சுமி.

"பிரேக் பாக்க விட்டிருக்கேன்."

"ஞாயித்துக்கெழம எவன் பட்டறையத் திறந்து வச்சிருக்கான்?"

அவர் குளிக்கப் போய்விட்டார்.

அறக்கட்டளையிலிருந்து வந்தவர் மலர்விழி. பல்லடத்துக்காரர், நாற்பது வயது இருக்கலாம். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே தெருவின் இரண்டு பக்கமும் எதையோ தேடினார். உள்ளே வந்து காப்பியை வாங்கிக்கொண்டு, குசலம் விசாரித்துவிட்டு, "ஏனுங்க, லாரி எங்கங்க?" என்றார்.

வேலுமணிக்கு வேர்த்துவிட்டது. "லாரியா? எந்த லாரிங்க?"

"பிரேக் பாக்க விட்டிருக்கு மேடம்," என்றாள் ஸ்ரீமதி அதே நேரத்தில்.

இரண்டு பதிலும் கூடத்தின் நடுவில் மோதிக்கொண்டு நின்றன. மலர்விழி டம்ளரைக் கீழே வைத்தார். வீரலட்சுமி, புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றார் மலர்விழி, இப்போது கொஞ்சம் மெதுவாக. "சின்னதுல இருந்து அப்பா கூடவே லாரில போவேன், கேபின்ல உக்காந்துதான் ஹோம்வொர்க் எழுதுவேன், எந்தத் தெருவுல எப்ப தண்ணி வராதுன்னு எனக்கு மனப்பாடம்னு பாப்பா சொன்னா. அதுக்காகத்தானுங்க எடுத்தோம். இப்ப நீங்க எந்த லாரின்னு கேக்கறீங்க. போன வருஷம் ஒரு தம்பி இல்லாததெல்லாம் சொல்லி உள்ள வந்துட்டாப்ல. அதனாலதான் வீட்டுக்கே வந்து பாக்கறோம். சொன்னது நெசமில்லைன்னா நாங்க எடுத்துக்க முடியாதுங்க."

ஸ்ரீமதியின் முகம் செத்துப்போனது. "அப்பா!" என்றாள்.

வேலுமணி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். லாரி உண்டு என்றால் கொசு வீடு. இல்லை என்றால் மகள் பொய்க்காரி. இண்டர்வியூவில் இவள் லாரியைப் பற்றிப் பேசினாளா? அதைச் சொல்லித்தான் தேறினாளா? என்ன சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதைக் கேட்டால் எது வருமோ என்று பயந்து எதையும் கேட்காமலே இருந்துவிட்டார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது, போர் போட்ட அன்று புழுதி வந்ததுபோல.

அப்போது வாசலில் குடங்கள் இடிபடும் சத்தம். எதிர்வீட்டுப் பொன்னழகு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

"ஏண்ணே, லாரிய எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீக? காலைல இருந்து கொடம் காத்துக் கெடக்கு. எங்க வீட்டுக்காரரு மண்டபத்துச் செவத்தோரம் பாத்தேங்குறாரு. கல்யாணத்துக்கு ஊத்தியாச்சு, எங்களுக்கு இல்லையோ?"

"மண்டபத்துலயா?" என்றாள் வீரலட்சுமி. "பிரேக்கு மண்டபத்துலதான் பாக்குறாகளா?"

எல்லோரும் வேலுமணியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி, "லாரி இருக்குங்க," என்றார். "தண்ணி விக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீகளா மாட்டீகளான்னு தெரியல. அதான் ஒளிச்சு வச்சேன். பிள்ள சொன்னது பூராம் நெசம். என்னயத்தான் ஏதாச்சும் சொல்லணும்."

"சரி, லாரியக் காட்டுங்க," என்றார் மலர்விழி.

வேலுமணி முன்னால் நடந்தார். பின்னால் மலர்விழி, ஸ்ரீமதி, வீரலட்சுமி. அதற்கும் பின்னால் குடத்தோடு பொன்னழகு கூட்டம். எதிரே வந்தவர்கள் என்ன ஊர்வலம் என்று புரியாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

லாரி அங்கேயேதான் நின்றது. ஆனால் அதன் வாலிலிருந்து ஓஸ் நீண்டு மண்டபத்துத் தொட்டிக்குள் போயிருந்தது. கடைசித் தண்ணீர் சளசளவென்று வடிந்துகொண்டிருந்தது. மண்டபத்து மேனேஜர் மைதீன் பிச்சை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க வாங்க! நீங்கதான் டிரைவரா? லாரிய விட்டுட்டு எங்க போயிட்டீங்க? வெஞ்சனத்துக்குக் காய் கழுவத் தண்ணி இல்லாம சமையக்காரரு ஆடிட்டாரு. அதான் நாங்களே ஓஸ எடுத்து மாட்டிட்டோம்."

"நீங்க என்னயக் கூப்பிடவே இல்லையே?"

"கூப்பிடலையா?" மைதீன் பிச்சை லாரியைப் பார்த்தார், வேலுமணியைப் பார்த்தார். "அப்ப செத்த நேரத்துக்கு முந்தி ஒரு லாரி வந்துச்சே... ஏற்கனவே வந்துருச்சுப்பா, போன்னு திருப்பி அனுப்பிட்டேனே!" தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, ஆனது ஆயிருச்சு. இப்பக் காசு வாங்கிக்கிறீங்களா, இல்ல மொதல்ல பந்தியில உக்காருறீங்களா?"

காசா, பந்தியா? வேலுமணி மண்டபத்தைப் பார்த்தார், ஓஸைப் பார்த்தார்.

ஸ்ரீமதி சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மலர்விழி லாரியின் பின்பக்கம் போய் நின்றிருந்தார். நீல எழுத்துகள் வெயிலில் மங்கி, மகளின் பெயரில் பாதிதான் பளிச்சென்று தெரிந்தது. அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறனுங்க. நாளைக்கு உங்க பொண்ணே இந்தத் தெருவுக்குத் தெனமும் தண்ணி வர வச்சிட்டா, இந்த லாரிய என்ன பண்ணுவீங்க?"

இதே கேள்விதான். எதற்குப் பயந்து லாரியை ஒளித்தாரோ அதே கேள்வி. வேலுமணி யோசித்தார். "தெரியலங்க," என்றார்.

"பாப்பாவும் இதேதான் சொன்னா," என்றார் மலர்விழி. "இண்டர்வியூல அவகிட்டயும் கேட்டோமுங்க. மத்தவங்களா இருந்தா ஏதாச்சும் ஒண்ண அடிச்சு விட்டிருப்பாங்க. இவ, தெரியல மேடம், ஆனா தண்ணி வரணும்னு சொன்னா." ஓஸைத் தாண்டி வந்து ஸ்ரீமதியின் தோளைத் தட்டினார். "ஒண்ணாந்தேதி வந்துரு சாமி."

வீரலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "பந்தியிலயே உக்காருறோம்," என்று மைதீன் பிச்சையிடம் சொல்லிவிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் காலி லாரியை எடுத்தபோது ஸ்ரீமதி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பொன்னழகு ஜன்னலுக்குக் கீழே நின்று, "எம்மா ஸ்ரீமதி, நீ அங்கிட்டுப் படிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் நாங்க குடிக்கணும்மா, தண்ணியோட சீக்கிரம் வாங்க," என்றாள்.

லாரி செம்பட்டி ரோட்டில் ஏறியது. பிறகு வேலுமணி கேட்டார்:

"ஏத்தா, அங்க போய்ச் சேந்தப்புறம் லாரில உன் பேரு இருக்கலாமா? அழிச்சிறணுமா?"

"எதுக்குப்பா அழிக்கணும்?"

"தெரியல. கேட்டேன்."

தோப்புக்குள் வண்டி திரும்பி நின்றதும், மோட்டார் போடுகிறவர் வழக்கம்போல் கத்தினார்: "வேலண்ணே, ஃபுல்லா? பாதியா?"

சாயங்காலத்துக்குப் பாதி போதும். ஆனால் தெருவே காத்திருக்கிறது. ஆனால்... வேலுமணி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகளைப் பார்த்தார்.

"ஃபுல்லா விடுங்கண்ணே," என்று கத்திவிட்டு, அவள் ஓஸை எடுக்க இறங்கினாள்.