இடது காதில் விழுந்த அறை

என் மகளின் இடது காதுச் சவ்வை நான் கிழித்தேன். ஒரே அறை. இதை யாரிடமும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அந்தக் காது திரும்பக் கேட்குமா என்று தெரியாமல் ஐந்து மாதங்கள் போயின. அத்தனை நாளும் அதே கையால்தான் சோறு பிசைந்து சாப்பிட்டேன்.

நடந்தது விஜயதசமி அன்று காலை. வீடு மதுரையை அடுத்த பரவையில். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலக எழுத்தர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பாடப்பிரிவு என்று முழுப் பட்டியலையும் பத்து நாளாக வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டியிருந்தேன். பள்ளியில் இருக்கிற ஒரே மிஷினில் ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். மறுநாள் காலை பட்டியல் தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும். முடித்துவிட்டு மொத்தமாகப் பிரதி எடுக்கலாம் என்று விட்டிருந்தேன். வேறெங்கும் ஓர் எழுத்துகூட இல்லை.

சுவிட்சைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் கம்பெனிப் பெயர் வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடத் தொடங்கின. டக். இருட்டு. மறுபடி காற்றாடி, மறுபடி பெயர், மறுபடி புள்ளிகள். டக்.

நான்காவது தடவை பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். ஆறாவது தடவை உதைத்தேன். பெட்டி சுவரில் மோதித் தகரம் அலறியது. சமையற்கட்டிலிருந்து மனைவி, "நல்ல நாளும் அதுவுமா என்னத்தப் போட்டு உடைக்கிறீக?" என்றாள். தலைமையாசிரியர் கோபப்பட்டால் கத்த மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்பு இப்போதே என் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். முந்தின வாரம்தான் பெட்டியைத் திறந்து, ஆரப்பாளையம் கடையில் வாங்கிய பழைய ரேம் ஒன்றைக் கூடுதலாகச் செருகியிருந்தாள். வேகமாக ஓடும் என்றாள். ஓடியது. ஆனால் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அவளைப் பார்த்ததும் எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"என்னத்தடீ செஞ்ச இதை?"

"நான் ஒண்ணும் செய்யலப்பா. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு."

"அந்த ஓட்டைச் சாமான உள்ள சொருகுனது யாரு? உங்க ஆத்தாளா?"

"இருங்கப்பா, பாப்போம். உதைக்காதீங்க, ஹார்ட் டிஸ்க் போயிரும்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். புது ரேமை உருவி எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். டக். பழைய ரேமையும் உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினாள். டக். ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினாள். அப்போதும் பெயர் வந்து அணைந்தது. "அப்ப டிஸ்க்ல கோளாறு இல்லப்பா. உங்க பட்டியல் பத்திரமாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்த வட்டமான பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மாட்டினாள். டக்.

ஒவ்வொரு டக்குக்கும் என் பல் கடிபட்டது. அவள் பின்னால், இடது பக்கமாக நின்றுகொண்டிருந்தேன். "புடுங்கிப் புடுங்கி வைக்கிறியே, எல்லாம் போச்சா? சொல்லித் தொலை. போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பெட்டியின் முன்முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பாமலே, "அப்பா, நேத்து நீங்க இதுல..." என்றாள்.

பழியை என்மேலேயே திருப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கை போய்விட்டது. குழிந்த உள்ளங்கை, காதை முழுசாக மூடி விழுந்தது. கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். அவள் தலை பெட்டியின் தகர விளிம்பில் இடித்தது. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் ஒழுகி, உள்ளே திறந்து கிடந்த பச்சைப் பலகையில் சொட்டியது. அவள் நெற்றியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடினாள்.

மனைவி கையில் தோசைக்கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்த நொடியில் அதாலேயே என் முழங்கையில் போட்டாள். சூடான கரண்டி, தோல் பொசுங்கியது. மறுபடியும் போட்டாள். "யோவ், நீ மனுசனாய்யா? வயசுக்கு வந்த பிள்ளை மேல கை வைக்கிற! இன்னொரு தடவை நீட்டு, வெட்டி அடுப்புல வச்சிருவேன்." சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்து நெஞ்சில் குத்தினாள். நான் தடுக்கவில்லை. எங்களுக்கு நடுவில் அந்தப் பெட்டி நிற்காமல் எழுந்து எழுந்து செத்துக்கொண்டிருந்தது. மனைவிதான் கடைசியில் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

என் அப்பா எங்களை அடித்ததில்லை. அவரைத்தான் மற்றவர்கள் அடித்தார்கள். வைகைக் கால்வாய்ப் பாசனத்தில் பிறத்தியார் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவார். மடையை அடைக்க நேரமாகிவிட்டது என்று வயல்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்ததை, பள்ளிக்கூடப் பையோடு வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா விழுந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார். அன்றைக்கு வீட்டிலும் அவர் யார் மேலும் கை ஓங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கை நீட்டுகிற வழக்கம், படித்து உத்தியோகத்துக்கு வந்த என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண்ணுக்காக அவளை மர அளவுகோலால் அடித்திருக்கிறேன். கோல் முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தேன்.

விடுமுறை நாள் என்பதால் சாயங்காலம்தான் காது மூக்கு தொண்டை டாக்டர் கிடைத்தார்; கூட்டிப் போனோம். டாக்டரம்மா நெற்றிக்குத் தையல் போடச் சொல்லிவிட்டு, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எப்படி ஆச்சு என்றார். "வழுக்கி விழுந்துட்டா" என்றேன்.

"விழுந்தா நெத்தி பிளக்கும் சார். சவ்வு இப்படிக் கிழியாது. கைய வச்சுக் காத்தை அடைச்சு அறைஞ்சாத்தான் கிழியும்." என் கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். முழங்கையில் தோசைக்கரண்டிக் கொப்புளம் இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், மூன்று மாதம் பார்ப்போம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது என்றார். மூடாவிட்டால் ஆபரேஷன்.

மறுநாள் விடிந்ததும் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஆரப்பாளையம் கடைக்குப் போனேன். பலகையில் ரத்தம் காய்ந்திருந்ததைக் கடைக்காரர் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பினார். பெட்டியின் முன்முகத்தைப் பார்த்ததும்தான் சிரித்தார்.

"என்னண்ணே, சாமிக்குச் சந்தனக்காப்பு மாதிரி இம்புட்டு அப்பி வச்சிருக்கீக?"

ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து பைக் வரை எல்லாவற்றுக்கும் என் கையால்தான் பொட்டு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பெட்டியின் நெற்றியில் மூன்று கோடாக இழுத்து, கீழே இருந்த இரண்டு பொத்தான்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்துக் குங்குமமும் அழுத்தியிருந்தேன். அன்று முழுக்க யாரும் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு வேறு.

கடைக்காரர் முன்மூடியைக் கழற்றிக் காட்டினார். சந்தனம் சின்னப் பொத்தானின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அதைப் பாதி அமுங்கின வாக்கில் பிடித்து வைத்திருந்தது; காற்றாடி அதிரும்போதெல்லாம் பொத்தான் பட்டுப் பட்டு விலகியது. "இது ரீசெட்டுண்ணே. இத அமுக்குனா மிஷின் முதல்லருந்து ஆரம்பிக்கும். ராத்திரி பகலா ஒரு ஆளு அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டே இருந்தா அது என்ன செய்யும், பாவம்?" அந்தப் பொத்தானின் இரண்டு ஒயரை உருவினார். சுவிட்சைப் போட்டார். பெயர், புள்ளிகள், பிறகு திரை. பெயர்ப்பட்டியல் கடைசி வரி வரை இருந்தது. அவள் வாங்கிப் போட்ட ரேமும் நல்ல சரக்கு என்றார்.

அவள் சொல்ல வந்தது அதைத்தான். "நேத்து நீங்க இதுல..." வாக்கியம் முடிய இன்னும் மூன்று வார்த்தைதான் பாக்கி. அதற்குள் என் கை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். சோபாவில் படுத்திருந்தவள், "தெரியும்ப்பா. விரல்ல சந்தனம் ஒட்டுச்சு" என்றாள். மன்னிப்பு கேட்டேன். "சரிப்பா" என்றாள். பட்டியலைப் பள்ளியில் கொடுத்தேன். தலைமையாசிரியர் பார்க்காமலே உள்ளே வைத்தார்.

காது மூடவில்லை. மூன்று மாதமும் குளிக்கும்போது எண்ணெய் தொட்ட பஞ்சு வைத்தாள், எதிரே நின்று பேசினால்தான் பதில் சொன்னாள், ரோட்டில் பின்னால் வரும் பஸ் தெரியாமல் நடந்தவளை ஒரு தடவை மனைவி முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள். தை மாதம் காதுக்குப் பின்னால் கிழித்து, அங்கிருந்து சவ்வு எடுத்து ஒட்டினார்கள். ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி கூட யார் தங்குவீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது, "அம்மா இருக்கட்டும்" என்றாள் மகள்.

போன வாரம் சோதனை. சவ்வு பிடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அவளை உட்கார வைத்து, வலது காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று முணுமுணுப்பாக எண்களைச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவள் சரியாகத் திருப்பிச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, "ஆம்பளைக் குரல்லயும் பாத்துருவோம். சார், நீங்க வந்து ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார்.

எழுந்து போய் அவளுக்குப் பின்னால், இடது பக்கத்தில் நின்றேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். இடது தோள் மேலே ஏறிக் காதை மூடிக்கொண்டது. வலது காதிலிருந்த விரலை எடுத்து முகத்துக்கு முன்னால் கையைக் குறுக்கே பிடித்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். "தள்ளி நின்னே சொல்லுங்க சார்" என்றார்.

கதவு வரை போய்ச் சுவரோடு நின்றுகொண்டேன். அவள் மறுபடி வலது காதை அடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, மெதுவாக, "நாப்பத்தேழு" என்றேன்.

"நாப்பத்தேழு" என்றாள். தோளை இறக்காமலே.