கொடிக்காரரின் சட்டை

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்குகிற ஆள் நான். அதற்கெல்லாம் பயந்தால் என் வேலையைச் செய்யவே முடியாது. செங்கல்பட்டுப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய ஸ்டேஷன் கட்டடம், இப்போது அங்கே ரயில் நிற்பதில்லை, அதைப் புதுப்பித்து மெழுகு பொம்மைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். தொப்பி போட்ட துரை, டிக்கெட் கொடுக்கிறவர், உப்பு மூட்டையோடு ஒரு பெண், வாசலோரம் காக்கி உடுப்பில் ரயிலுக்குக் கொடி காட்டுகிற ஒரு கொடிக்காரர், எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள். இவர்களுடைய துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிவிடுவது நான்.

மெழுகு ஆளுக்குக் கை மடங்காது. அதனால் சட்டையின் முதுகைக் கிழித்து, முன்பக்கமாக மாட்டி, பின்னால் கையால் தைத்துவிடுவேன். உடம்போடு ஒட்டித் தைத்தால்தான் எடுப்பாக இருக்கும். அக்குளில் ஒரு விரல்கூட நுழையாது. அசையாத ஆளுக்கு எதற்கு லூசாகத் தைக்க வேண்டும்?

அன்றைக்குக் கண்காட்சிக்கு விடுமுறை, நான் மட்டும்தான் இருந்தேன். காலையில் கொடிக்காரர் கையிலிருந்து சிவப்பு, பச்சை இரண்டு கொடியையும் உருவினேன். ஒன்றைத் துவைத்து மாட்டிய பிறகுதான் மற்றதை எடுப்பது வழக்கம். அன்று சோம்பல், இரண்டையும் சேர்த்து ஊறவைத்துவிட்டேன். மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர். ஏசி இல்லாமல் கொஞ்ச நேரத்தில் துரையின் மூக்கு பளபளக்க ஆரம்பித்தது. மேனேஜர் போனில் கத்தினார்.

"இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாதும்மா. ஒரு பொம்மை உருகினாலும் நாளையிலேர்ந்து நீ வராத."

என் வீட்டுக்காரர் அந்தோணி மாமல்லபுரம் கரையிலிருந்து லோடு ஆட்டோவில் மீன் எடுத்துவந்து விற்கிறவர். மீனுக்குப் போடுகிற ஐஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன், வந்தார், ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட்டைச் சுற்றி வர நேரமாகும் என்று ஐஸ் டப்பைத் தலையில் தூக்கிக்கொண்டார். தலையோடு காதையும் மூடி ஈரச் சாக்கு. நடுவே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி தாண்டியதும் நான் பிளாட்பார விளிம்பில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன்.

"யோவ், வா சீக்கிரம், உருகுது!"

எனக்கு ஐஸ்மேலேயே கண். கூட்ஸ் போன முதல் தண்டவாளத்தைத் தாண்டியவர் இரண்டாவதற்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டார். பொத்துக்கொண்டு வந்தது கோபம். திட்ட வாயைத் திறந்தேன், எனக்கும் அவருக்கும் நடுவே எக்ஸ்பிரஸ் புகுந்தது. கூட்ஸ் சத்தத்தில் அது வந்ததே எனக்குத் தெரியவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. போன பிறகு பார்த்தால் டப்பும் தலையுமாக அப்படியே நிற்கிறார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வேலைக்காக என் புருஷனை நானே கைநீட்டிக் கூப்பிட்டுக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அவர் மேலே ஏறி வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்த அண்ணாத்த யாரு?"

"எந்த அண்ணாத்த?"

"உன் பின்னால காக்கி சட்டை போட்டுகினு நின்னாரே. நீ வா வான்ற, அவுரு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினு நிக்குறாரு. இன்னாடா இதுன்னு நான் நின்ட்டேன்."

ஐஸை உள்ளே கொண்டுபோனோம். அவர் அதுவரை ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. கொடிக்காரரைப் பார்த்ததும் தலைச் சாக்கை எடுத்துவிட்டு, "இவுருதான்" என்றார். கொடிக்காரர் வைத்த இடத்தில்தான் நின்றார். கை இரண்டும் கீழேதான் இருந்தன, வெறுங்கை. ஆனால் சட்டை இரண்டு அக்குளிலும் தையல் விட்டுப் பிளந்திருந்தது. சூட்டில் மெழுகு இளகினால் கை தொங்கும், சரி. தொங்குகிற கைக்கு அக்குளில் ஏன் தையல் பிரிய வேண்டும்?

பொம்மைகள் பிழைத்தன, மீன் வாடை போக ஒரு வாரம் ஆனது, என் வேலையும் போகவில்லை. பிறகு ஒருநாள் கண்காட்சிக்கு வந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவரிடம், கொடி இல்லாத நேரத்தில் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும்மா. பார்த்தா நின்னுடணும்" என்றார்.

கொடியை நான்தானே ஊறவைத்திருந்தேன்!

இப்போது ஒவ்வொரு கொடியாகத்தான் துவைக்கிறேன். சட்டையையும் அக்குளில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருக்கிறேன். "பொம்மைக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ லூசு?" என்று மேனேஜர் கேட்டார். காற்றோட்டத்துக்கு என்றேன்.

மற்ற பொம்மைகளின் சட்டையெல்லாம் போட்ட இஸ்திரி கலையாமல் அப்படியே இருக்கும். இவருடையதைக் கழற்றும்போது மட்டும் சில வாரம் வலது தோளில் சுருக்கம் விழுந்திருக்கிறது, கையைத் தூக்கி இறக்கினால் விழுமே, அந்தச் சுருக்கம். சிவப்புக் கொடி இருப்பது வலது கையில். அந்தத் தண்டவாளத்தை இன்னும் எத்தனையோ பேர் குறுக்கே கடக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்வதில்லை, தேய்த்து மறுபடி மாட்டிவிடுகிறேன்.