எடுப்புக் காட்டும் மூக்கு

"மூக்கைத் தூக்காதை! ஆருக்கு இந்த எடுப்பு?"

தனுஷா ஏசுவது மனிதர் எவரையும் அல்ல, கிரவல் வீதியில் இறங்கி ஓடிவரும் ரெஜிபோம் அட்டையில் செய்த தன் சின்ன விமானத்தை. பளையில் நீர்ப்பம்பி மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. பறக்கவிடப்போவதைப் பொலிசில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு முன்னால் உள்ள வீதியில் ரிமோட்டோடு நிற்பார். திருத்தக் கொடுத்த என் பம்பி எப்போது கிடைக்கும் என்று கேட்கப் போனாலும் விமானக் கதைதான் கிடைக்கும்.

விமானம் அவர் கையால் செய்தது. கல் பட்டுக் காற்றாடி உடையாதிருக்க, மோட்டரைச் செட்டைக்கு மேலே, முதுகில் ஏற்றியிருக்கிறார். அங்கேதான் வில்லங்கம். வீதி நீளம் கட்டை, முடிவில் வாய்க்கால். இறங்கியதும் காற்றாடியை மறுபக்கம் சுற்றவிட்டுத்தான் வேகத்தை அடக்க வேண்டும். சுற்றவிட்டால் அது மேலேயிருந்து பின்னுக்கு இழுக்கும். மூக்கு கிளம்பும், வால் நிலத்தில் அடித்து உடையும்.

உழவு இயந்திரம் சேற்றில் முன்சில்லைத் தூக்கினால் முன்னுக்குப் பாரம் கட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம். தனுஷாவும் விமானத்தின் மூக்குக்குள் இரும்பு நட்டுகளைத் திணித்தார். அது எழும்பிய கையோடு வயலுக்குள் தலைகீழாகக் குத்தியது.

"ட்ரக்டருக்குக் குடுக்கிற மருந்தைப் பிளேனுக்குக் குடுத்திட்டன். அது வாந்தி எடுத்திட்டுது," என்றார். தோற்றுவிட்டும் வென்றவர்போலச் சிரிக்க அவரால்தான் முடியும்.

இப்போது வைத்தியம் வேறு. "மூக்கு கிளம்பினா ரிவேஸ் சுத்தைக் கொஞ்சம் தளர்த்தோணும், ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளோணும். பயந்து இன்னும் இழுத்தியளோ, வால் முடிஞ்சுது."

இவ்வளவு பாடும் தாய் விமலேஸ்வரிக்காக. வானத்தில் எது இரைந்தாலும் அந்த அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அது விடவில்லை. மகளின் விமானம் பறந்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. "ஒருக்கா வெளியிலை வந்து பாத்தாவெண்டால் அம்மாவுக்குப் பயம் தெளியும். நான் பாக்க வைப்பன், இருந்து பாருங்கோ," என்பார் தனுஷா. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அதைச் சொன்னால் பம்பி இன்னும் பிந்தும்.

போன ஞாயிறு, விமானம் மேலே இரைந்துகொண்டிருக்கும்போது படலை திறந்தது. விமலேஸ்வரியம்மா படலைக் கட்டையை இறுகப் பிடித்தபடி நின்றார். தனுஷாவுக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை. விமானம் இறங்கி ஓடியது. காற்றாடி மறுபக்கம் சுழன்றது. மூக்கு கிளம்பியது.

"படு! பிள்ளை, படு!"

விமலேஸ்வரியம்மாதான். குண்டு போடப் பொம்பர் வந்த நாட்களில் பிள்ளைகளைப் பிடரியில் அமுக்கி நிலத்தோடு கிடத்திய குரல் அது. நானே என்னையறியாமல் நிலத்தில் குந்திவிட்டேன். தனுஷா ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளினார். மூக்கு இறங்கியது. வால் உடையாமல், வாய்க்காலுக்கு இப்பாலேயே விமானம் நின்றது.

விமலேஸ்வரியம்மா உள்ளே ஓடவில்லை. விறுவிறென்று வீதிக்கு நடந்துபோய், குனிந்து, விமானத்தின் மூக்கில் உள்ளங்கையை வைத்து இன்னும் கொஞ்சம் அமுக்கினார்.